ஜனவரியில் மார்க் கேட்காதீர்கள்

ஜனவரி பாதி தாண்டிவிட்டால் போதும், அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிற யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். டிவியைப் போட்டால் நாலு பேர் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்து ஒவ்வொரு அணிக்கும் ஏ, பி, சி என்று கிரேடு போட்டுக்கொண்டிருப்பார்கள். பேப்பரைப் பிரித்தால் பாதி சீசன் ரிப்போர்ட் கார்டு. ஆபீஸுக்குப் போனால் அங்கே ஒருவர், "உங்க ரட்கர்ஸ் இந்த வருஷமும் அவ்வளவுதானா சார்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பிப்பார். நான் குடியிருப்பது நியூஜெர்சியில், எடிசன் பக்கம். ரட்கர்ஸ் அரங்கம் இருக்கிற பிஸ்கட்டவே அடுத்த ஊர். அதனால் அந்த அணி செய்கிற அத்தனை பாவத்துக்கும் நான்தான் ஜவாப்தாரி.

கிரேடு போடட்டும், யார் வேண்டாமென்றது? எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் என் வயிற்றெரிச்சல். ஜனவரி மாதத்துக் கான்பரன்ஸ் பட்டியலை வைத்துப் போடுகிறார்கள். இன்றைக்கு இருக்கிற கான்பரன்ஸ்களில் அந்தப் பட்டியலைப் போல நம்பத்தகாத காகிதம் வேறொன்று கிடையாது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் 360-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள், முப்பத்துச் சொச்சம் கான்பரன்ஸ்களில் பிரிந்து கிடக்கின்றன. நவம்பர், டிசம்பரில் பெரும்பாலும் வெளி அணிகளோடு ஆட்டம். புத்தாண்டு பிறந்ததும் கான்பரன்ஸுக்குள்ளேயே மோதல். மார்ச்சில் கான்பரன்ஸ் டோர்னமென்ட். அதை ஜெயிக்கிற அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். மிச்ச இடங்களை ஒரு கமிட்டி கூடிப் பேசி நிரப்பும். 2011-இல் மொத்த இடங்களை 68 ஆக்கினார்கள். ஆக, ஜனவரி நடுவில் ஒரு அணி தன் கான்பரன்ஸுக்குள் ஆறேழு ஆட்டம்தான் ஆடியிருக்கும். அந்த ஆறேழை வைத்துக்கொண்டுதான் இத்தனை அமர்க்களம்.

ஒரு காலத்தில் இந்தப் பட்டியலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பசிபிக் கடற்கரைக் கல்லூரிகள் பத்தும் ஒரே கான்பரன்ஸாக இருந்தபோது, ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதோடும் தன் ஊரில் ஒரு தடவை, அவர்கள் ஊரில் ஒரு தடவை என்று 18 ஆட்டம் ஆடும். பிக் 12 கான்பரன்ஸும் 2011-12 முதல் 2022-23 வரை பத்து அணிகளை வைத்துக்கொண்டு அப்படித்தான் ஆடியது. பெரிய கான்பரன்ஸ்களில் பிக் ஈஸ்ட் மட்டும் 11 அணி, 20 ஆட்டம் என்று அந்த வழக்கத்தைக் கைவிடாமல் இருக்கிறது. அங்கே ஜனவரியில் பட்டியல் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் மார்ச்சுக்குள் கணக்கு நேராகிவிடும். எல்லாரும் எல்லாரையும் இரண்டு ஊரிலும் சந்தித்தாக வேண்டும், தப்பிக்க வழியில்லை.

பிறகு டிவிக்காரர்களின் பணம் பேச ஆரம்பித்தது. 2022-இல் பிக் டென் கான்பரன்ஸ் மூன்று டிவி நிறுவனங்களோடு ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. வந்த பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்பாலை நம்பி வந்தது. அது எங்கே போகிறதோ அங்கே கூடைப்பந்தும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயாக வேண்டும். 2024-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யூசிஎல்ஏ, யூஎஸ்சி, அதோடு ஆரிகன், வாஷிங்டன் நான்கும் உள்ளே வர, பிக் டென்னில் 18 அணிகள். இன்னொரு பெரிய கான்பரன்ஸான ஏசிசியும் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்து ஸ்டான்ஃபோர்டையும் பெர்க்லியையும், டெக்சாஸிலிருந்து எஸ்எம்யூவையும் சேர்த்துக்கொண்டு அதுவும் 18 ஆனது. எஸ்இசி கான்பரன்ஸில் 16. பசிபிக் கான்பரன்ஸின் பன்னிரண்டில் பத்து வெளியேறி, இரண்டே இரண்டு அணிகள் நடுத்தெருவில் நின்றன.

இப்போது கணக்குப் போடுங்கள். பிக் டென்னில் ஒரு அணிக்கு எதிரிகள் 17 பேர், ஆட்டம் 20. மூன்று பேரோடு இரண்டு தடவை, மிச்சம் 14 பேரோடு ஒரே ஒரு தடவை. அந்த மூன்று பேர் பலசாலிகளா, நோஞ்சான்களா? மேலே இருக்கிற அணியோடு ஆடப்போகும் அந்த ஒரே ஆட்டம் நம் ஊரிலா, அவர்கள் ஊரிலா? எல்லாம் அட்டவணை போட்டவர் கையில். முழு சீசனுக்கே இந்தக் கோணல் என்றால், பாதியில் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். அரையாண்டுத் தேர்வில் ஒரு பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு வினாத்தாளும் பக்கத்துப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வினாத்தாளும் கொடுத்துவிட்டு, முதல் ரேங்க் யார் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற கதைதான் இது.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவர், மகளை ஒரு பிக் டென் கல்லூரியில் சேர்த்த நாளிலிருந்து கூடைப்பந்துப் பைத்தியமாகிவிட்டார். போன ஜனவரியில் வழிமறித்துப் பொங்கினார். "ஆறு ஆட்டத்துல நாலு தோல்வி சார். இந்தக் கோச்சை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"எங்கெங்க தோத்தாங்கன்னு பாத்தீங்களா?" என்றேன்.

"எங்க தோத்தா என்ன சார்? தோல்வி தோல்விதானே."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. தோல்வி தோல்வி அல்ல, ஐயா. கல்லூரிக் கூடைப்பந்தில் சொந்த அரங்கம் என்பது தோராயமாக மூன்று பாயின்ட் சாதகம். சமபலமுள்ள இரண்டு அணிகள் உங்கள் ஊரில் ஆடினால் நீங்கள் மூன்று முன்னால். அவர்கள் ஊரில் ஆடினால் மூன்று பின்னால். இடம் மாறினாலே ஆறு பாயின்ட் புரண்டுவிடும். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் ஆறு பாயின்ட் என்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு பேச்சுக்கு இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ஐந்து வெற்றி, மூன்று தோல்வி. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் பி பிளஸ் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே பிரித்துப் பாருங்கள். முதல் அணி சொந்த ஊரில் ஐந்து ஆடி ஐந்தையும் ஜெயித்தது. வெளியூரில் மூன்று ஆடி மூன்றையும் கோட்டைவிட்டது. இரண்டாவது அணி சொந்த ஊரில் ஆடிய மூன்றையும் ஜெயித்து, வெளியூர் ஆட்டம் ஐந்தில் இரண்டைப் பறித்துக்கொண்டு வந்தது. பழைய ரசிகர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: வெளியூர் வெற்றிக்கு ஒன்று கூட்டு, உள்ளூர் தோல்விக்கு ஒன்று கழி, மற்றதெல்லாம் சைபர். அந்தக் கணக்கில் முதல் அணிக்குச் சைபர், இரண்டாவது அணிக்கு பிளஸ் இரண்டு. கால்குலேட்டர்கூட வேண்டாம். இதைச் சொல்ல டிவியில் யாருக்கும் நேரமில்லை.

வெளியூர் என்றால் இப்போது எவ்வளவு தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் யூசிஎல்ஏ அணி வரிசையாக நாலு ஆட்டம் தோற்றது. முதலில் நெப்ராஸ்காவில். அடுத்து சொந்த ஊரில் மிஷிகனிடம். பிறகு நாட்டின் மறுகோடிக்குப் பறந்து மேரிலாண்டில் ஒன்று, ஜனவரி 13 அன்று எங்கள் பிஸ்கட்டவேயில் ரட்கர்ஸிடம் 75-68 என்று இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இங்கே சுமார் 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். யூசிஎல்ஏ கோச் மிக் குரோனின் இந்தப் பயணத் தொல்லையைப் பற்றிப் பகிரங்கமாகவே புலம்பினார். தோற்றவன் சாக்குச் சொல்கிறான் என்று சிரித்தார்கள். அந்த வாரம் கிரேடு போட்டவர்கள் யூசிஎல்ஏ தலையில் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் திரும்பிய யூசிஎல்ஏ அடுத்து வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. கான்பரன்ஸில் 13-7 என்று முடித்துத் தேசியப் போட்டிக்கும் போனது. ரட்கர்ஸ்? அன்றைக்கு ஆரவாரமாக ஜெயித்த எங்கள் அணி மொத்தம் 15 வெற்றி, 17 தோல்வியோடு மார்ச்சில் வீட்டில் உட்கார்ந்தது.

அதே ஜனவரியில் எஸ்இசியில் ஆர்கன்சா அணியின் கதை இன்னும் வேடிக்கை. புது கோச் ஜான் கலிபாரி. கான்பரன்ஸில் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. பட்டியலில் 0-5 என்று பார்த்ததும் பெட்டியை மூடிவிட்டார்கள். அந்த ஐந்து எதிரிகள் யார் என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா? டென்னசி, ஓல் மிஸ், புளோரிடா, எல்எஸ்யூ, மிசோரி. ஐந்தில் நாலு அணி பின்னால் தேசியப் போட்டிக்குப் போனது. புளோரிடா கோப்பையையே தூக்கியது. ஐந்தில் மூன்று ஆட்டம் வெளியூரில். ஆர்கன்சா சமாளித்துக்கொண்டு 8-10 என்று முடித்து, தேசியப் போட்டிக்குள் பத்தாம் சீடாக, அதாவது பத்தாம் தரவரிசையில், நுழைந்து, கேன்சஸை வீழ்த்தி, இரண்டாம் சீடான செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தி, கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாக நின்றது. மறுபக்கம் ஓக்லஹோமா. புத்தாண்டுக்கு முன் 13 ஆட்டம், 13 வெற்றி. எஸ்இசிக்குள் கால் வைத்ததும் ஆறு வெற்றி, 12 தோல்வி. டிசம்பரில் ஏ, மார்ச்சில் சி. அணி அதே அணிதான், எதிரில் நின்றவர்கள்தான் மாறினார்கள்.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கை ஒப்புக்கொள்ளவும் யாருக்கும் மனசு வராது. ஒரு கல்லூரி அணி ஒரு ஆட்டத்தில் இருபதுக்கு மேல் மூன்று-பாயின்ட் ஷாட் போடும். சராசரியாக மூன்றில் ஒன்று விழும். அதாவது ஏழோ எட்டோ. ஒரு நாள் நாலு விழும், ஒரு நாள் பதினொன்று விழும். இரண்டுக்கும் நடுவே 21 பாயின்ட். நாலு விழுந்த இரவுகள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல ஜனவரியில் வந்துவிட்டால், "இந்த அணிக்கு மன உறுதி போய்விட்டது" என்று உளவியல் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்ததற்கெல்லாம் மன உறுதி என்ன செய்யும்?

2023 ஜனவரியை மறந்துவிட்டார்களா? கனெக்டிகட் அணி 14-0 என்று தொடங்கி நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அடுத்த எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. கோச் டான் ஹர்லிக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமில்லை. ஆறு தோல்வியில் நாலு வெளியூரில் என்பதை எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லை. மார்ச்சில் அதே அணி நாலாம் சீடாக நுழைந்து, ஆறு ஆட்டத்தையும் குறைந்தது 13 பாயின்ட் வித்தியாசத்தில் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது. அதே கான்பரன்ஸில் மார்க்கெட் பல்கலைக்கழக அணியை, சீசன் தொடங்குமுன் கோச்சுகள் எல்லாம் சேர்ந்து ஒன்பதாம் இடத்தில் வைத்திருந்தார்கள். அது 17-3 என்று முதலிடத்தில் முடித்தது.

பெயரைப் பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணும் இப்படித்தான். 2024-25-இல் எங்கள் ரட்கர்ஸுக்கு டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பேர் வந்தார்கள். சீசன் முடிந்ததும் என்பிஏ டிராஃப்டில் இரண்டாவது, ஐந்தாவது ஆட்களாக எடுக்கப்பட்டவர்கள். சீசனுக்கு முன் ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியலில் 25-ஆம் இடம் கொடுத்தார்கள். அந்த இருவரை வைத்துக்கொண்டுதான் மேலே சொன்ன 15-17. நட்சத்திரம் இரண்டு இருந்தால் போதாது, தடுத்து ஆடவும் ஆள் வேண்டும் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்தது. இப்போது வீரர்கள் கல்லூரி மாறுகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வருஷா வருஷம் பாதி அணி மாறுகிறது. நவம்பரில் ஒருவர் பெயரை ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிற பையன்களுக்குத் தரவரிசை போட்டு, அதையே ஜனவரிக்கும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சரி, மனிதர்கள்தான் இப்படி, கம்ப்யூட்டரைக் கேட்போம் என்கிறார் ஆபீஸ் நண்பர். கென் பாமராய் என்பவர் போடுகிற கணக்கு இருக்கிறது. நூறு பொசஷனுக்கு எத்தனை பாயின்ட் போட்டாய், எத்தனை விட்டாய் என்று எதிரியின் பலத்தையும் சேர்த்து அளக்கும். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அதிர்ஷ்டத்துக்கென்றே தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிற நேர்மை எந்த டிவிக்கும் இல்லை. என்சிஏஏ தன் பங்குக்கு 2018-19-இல் நெட் என்ற தரவரிசையைக் கொண்டுவந்தது. அதை வைத்து வெற்றிகளை நாலு குவாட் ஆகப் பிரிப்பார்கள். சொந்த ஊரில் முதல் 30 அணிகளில் ஒன்றை ஜெயித்தால் குவாட் 1. வெளியூரில் என்றால் முதல் 75 வரை. உள்ளூர், வெளியூர் வித்தியாசத்தை மதித்தார்களே, அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் நீங்கள் வெளியூரில் ஜெயித்த அணி 75-இல் இருந்தால் தங்கம், மறுநாள் அது எங்கோ தோற்று 76-க்கு இறங்கினால் உங்கள் வெற்றி பித்தளை. ஆட்டம் முடிந்து ஒன்றரை மாதமாகியிருக்கும். நீங்கள் பந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள்.

இதையெல்லாம்விட என் மனசை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. கான்பரன்ஸ் ஆட்டம் தொடங்கிவிட்டால், உள்ளே ஒருவர் ஜெயிக்க ஒருவர் தோற்றாக வேண்டும். எல்லா அணியும் சேர்ந்து மொத்தத்தில் பாதி வெற்றி, பாதி தோல்வி. ஆகவே "எங்கள் கான்பரன்ஸ் பலமானது" என்பதற்கான சாட்சியம் ஏறக்குறைய டிசம்பரோடு முடிந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் எஸ்இசியும் ஏசிசியும் நேருக்கு நேர் 16 ஆட்டம் ஆடின. எஸ்இசிக்கு 14, ஏசிசிக்கு 2. மார்ச்சில் எஸ்இசியின் 16 அணிகளில் 14-க்கு இடம். இதற்கு முன் எந்தக் கான்பரன்ஸுக்கும் கிடைக்காத எண்ணிக்கை. ஏசிசியின் 18-இல் வெறும் 4. கான்பரன்ஸில் ஆறு வெற்றி, 12 தோல்வி கண்ட டெக்சாஸ்கூட உள்ளே. எஸ்இசி அந்த இடங்களுக்குத் தகுதியில்லை என்று நான் சொல்லமாட்டேன். கடைசிப் பதினாறில் ஏழு அணி அவர்களுடையது. ஆனால் ஜனவரி முழுக்க 6-12 அணிக்கு "தரமான தோல்விகள்" என்று பாராட்டுப் பத்திரமும், ஏசிசியில் ஜெயித்துக்கொண்டே போன அணிக்கு "யாரை ஜெயித்தாய்?" என்ற கேள்வியும் கிடைத்ததே, அந்த நடுக்குளிர்காலத்தில் அவர்கள் ஆடியதற்குப் பொருள் என்ன?

சின்னக் கான்பரன்ஸ்களின் பாடு இன்னும் மோசம். 2024-இல் இந்தியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வி. மிசோரி வேலி கான்பரன்ஸில் முதலிடம். டோர்னமென்ட் இறுதியில் டிரேக்கிடம் 84-80 என்று ஒரு தோல்வி, கதவைச் சாத்திவிட்டார்கள். அதே மார்ச்சில் ஏசிசியில் பத்தாம் இடத்து என்.சி. ஸ்டேட் அணி ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையோடு உள்ளே வந்து, கடைசி நாலு அணிகள் வரை போனது. ஜனவரியில் அந்த அணிக்கு யார் ஏ போட்டார்கள்? அதன் வெற்றி எனக்கு மகிழ்ச்சிதான். அதுபோன்ற எதிர்பாராத வெற்றிகளால் சீட்டு குறைந்தபோது, நஷ்டத்தை யார் தலையில் கட்டினார்கள் என்று பாருங்கள்.

வெட்டிப் பேச்சுதானே, போகட்டும் என்று விடவும் முடியவில்லை. 2018-இல் எங்கள் நியூஜெர்சி மேல்முறையீடு செய்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்களுக்கு வழிவிட்டது. இப்போது கையில் போன் இருக்கிறவனெல்லாம் பணம் கட்டுகிறான். டிவியில் ஏ வாங்கிய அணி மறுநாள் வெளியூரில் தோற்றால், பிரீ த்ரோவைத் தவறவிட்ட பத்தொன்பது வயதுப் பையனின் போனுக்கு வண்டி வண்டியாக வசவு போகிறது. கோச்சை மாற்று என்று கூச்சல் கிளம்புகிறது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த ஆறேழு ஆட்டப் பட்டியல்.

பாதி சீசனில் ஒரு அணியை எடைபோடவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். வெளியூரில் எத்தனை ஜெயித்தார்கள்? ஆடிமுடித்த எதிரிகள் யார், பாக்கி இருப்பவர்கள் யார்? தோற்ற ஆட்டங்களில் மூன்று-பாயின்ட் ஷாட் விழாமல் தோற்றார்களா, எதிரியை நிறுத்த முடியாமல் தோற்றார்களா? ஷாட் பிப்ரவரியில் விழ ஆரம்பிக்கலாம். தடுக்கத் தெரியாத அணிக்கு பிப்ரவரி ஒன்றும் கற்றுக்கொடுக்காது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு ரட்கர்ஸுக்கு எஃப் போடுங்கள், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறேன். அவ்வளவு வேலை பார்க்க முடியாதென்றால் ஒரு சின்ன உபகாரமாவது செய்யுங்கள். டிவி திரையின் அடியில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடுகிற பட்டியலில் வெற்றி, தோல்வி என்று இரண்டு எண் போடுகிறீர்களே, வெளியூர் வெற்றி என்று மூன்றாவதாக ஒரு எண் போட்டால் திரையில் இடமா பற்றாமல் போய்விடும்? கார் விளம்பரத்துக்கு அதே இடத்தில் பாதித் திரையைக் கொடுக்கிறீர்கள்.